காய் நறுக்கும்போது கிடைத்த புதையல்!

விடுமுறைக்கு வந்த பேரன், மொபைலும் கையுமாகவே இருந்தான். என்னிடம் பேச்சே இல்லை. ஒருநாள், காய் நறுக்கியபடி, 'ஜியோகேஷிங்' விளையாட்டு பற்றிய, 'பாட்காஸ்ட்' கேட்டேன். பாதி தான் புரிந்தது. மீதியைப் பேரனிடம் கேட்டேன். உற்சாகமாகச் சொன்னான்...

கடந்த 2000ல், அமெரிக்காவின் ஓரிகானில், டேவ் உல்மர் என்பவர் ஒளித்த வாளியில் ஆரம்பித்ததாம். ஜி.பி.எஸ்., காட்டும் இடத்தில் டப்பாவைத் தேடி, உள்ளிருக்கும் நோட்டில் பெயர் எழுதணும். பொருளை எடுத்தால், பதிலுக்கு ஒன்று வைக்கணும்.

மறுநாள், தோட்டத்தில், நோட்டும், சோழியும் போட்டு, எவர்சில்வர் டப்பாவை ஒளித்தேன். தெருப் பிள்ளைகளோடு தேடிய பேரன், இப்போது, 'ஆயா, நாளைக்கு எங்கே ஒளிப்ப?' என்கிறான்.

வீட்டோடு விளையாடுங்கள், செஞ்சிக்கோட்டை போன்ற நினைவுச் சின்னங்களில் வேண்டாம். நீங்களும் முயன்று பாருங்களேன்!

— வாசகி, மேல்சித்தாமூர்.