படித்துணர் திறனை அளக்கும் தேர்வு

நல்ல மதிப்பெண் பெற்ற மாணவர் ஒருவரிடம் அன்றைய நாளிதழின் தலையங்கத்தைக் கொடுத்து, இதில் கூறப்படுவது யாது என வினவினால் அவர் திகைத்து நிற்பதுண்டு. நம் பருவத்தேர்வு வினாக்களுள் பெரும்பாலானவை பாடநூலில் உள்ளதை நினைவில் கொண்டு எழுதச் செய்வன. அவற்றால் நினைவாற்றல் புலப்படும். படித்துணரும் திறன் புலப்படாது. அதற்கெனத் தனித்தேர்வு வேண்டும்.

மாணவர் முன்னர்ப் படித்திராத உரைநடைப் பகுதியே அத்தேர்வுக்கு அடிப்படை. அதனைத் தெரிவு செய்வதில்தான் இடர் மிகுதி. சில ஆண்டுகளுக்கு முன், தோல் பதனிடுதல் பற்றிய ஒரு பகுதியை முதலாண்டு மாணவர்க்குத் தந்தேன். மயிர் நீக்கச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்தல், ஆவாரம்பட்டைச் சாற்றால் பதப்படுத்துதல் முதலியன அதில் இருந்தன. ஆம்பூர், பேரணாம்பட்டு மாணவர்கள் விரைந்து விடையெழுதினர். மகிழ்ந்தேன். பின்னர், மற்றொரு வகுப்பில் பகுதியைக் கொடாமல் வினாக்களை மட்டும் கொடுத்துப் பார்த்தேன். அவர்களும் ஏறக்குறைய அவ்வாறே எழுதினர்! தந்தை டேனரியில் பணிபுரியும் வீட்டுப் பிள்ளைக்கு இவற்றைப் படித்துத்தான் அறிய வேண்டுமோ? விடுதியில் தங்கியிருந்த உழவர் மகன் ஒருவன் அவர்களினும் குறைவாகவே மதிப்பெண் பெற்றான். உண்மையில் படித்து எழுதியவன் அவன் ஒருவனே.

அன்று முதல், எந்த வினாத்தாளையும் பகுதியின்றி ஒருமுறை சோதித்த பின்னரே பயன்படுத்துகிறேன்.

வினாவின் தன்மையும் கருதத்தக்கது. வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் 1996 ஆகஸ்டு 28ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பைப் பற்றிய பகுதியைக் கொள்வோம். தீர்ப்பு வெளிவந்த நாள் எது என்னும் வினாவுக்குக் கண் போதும். நீதிமன்றம் தோல் தொழிலையே வேண்டாம் என்றதா என வினவின், பலர் வீட்டில் கேட்டதை எழுதுவர். தொழிலின் பயனை ஏற்றுக்கொண்டே, மாசு விளைத்தோர் இழப்பையும் ஈடுசெய்தல் வேண்டும் என்று நீதிமன்றம் கூறியதை உணர்ந்து எழுதுபவரே படித்தவர்.

சொற்களைக் குறித்த இடைவெளியில் நீக்கி நிரப்பச் செய்யும் முறையை 1953இல் அமெரிக்கரான வில்சன் டெய்லர் அறிமுகப்படுத்தினார். ஐந்தாவது சொல்தோறும் நீக்குதல் ஆங்கிலத்தில் பெருவழக்கு. தமிழில் இஃது அத்துணை எளிதன்று. வேற்றுமையும் காலமும் திணை, பால், இடங்களும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. உருது பேசும் இல்லத்து மாணவர் பொருளைச் சரியாக உணர்ந்தும், 'ஆற்றில்' என வேண்டிய இடத்தில் 'ஆற்றை' என்று எழுதக்கூடும். அதற்கு மதிப்பெண் குறைத்தல் தகாது என்பது என் கருத்து. உருபுப் பிழை எழுத்துத்திறன் தேர்வில் திருத்தத்தக்கது. இங்கு அளப்பது உணர்ந்தாரா என்பதையே. இதனை ஒப்பாத ஆசிரிய நண்பர்களும் உளர்.

இத்தேர்வை இறுதியாண்டில் நடத்திப் பயனில்லை. முதலாண்டில் வகுப்புகள் தொடங்கிய இரண்டாம் வாரத்திலேயே நடத்தலாம். மதிப்பெண்ணைச் சான்றிதழில் சேர்க்க வேண்டுவதில்லை. எந்த மாணவரை அருகமர்த்தி எந்நூலைப் படிப்பிப்பது என்று ஆசிரியர் முடிவு செய்ய உதவினால் போதும்.