கால் நீட்ட ஓர் இடம்!

ஆறடி ஒரு அங்குலத்துக்கு வளர்ந்தது என் தப்பில்லை ஸார். ஆனால், அதற்கான தண்டனையை என் முழங்கால்கள்தான் அனுபவித்து வந்தன. மின்சார ரயிலில் எதிர் ஸீட்காரர் முறைப்பார். தியேட்டரில் முன் ஸீட்காரர் திரும்பிப் பார்த்து ‘உச்’ கொட்டுவார். சொந்தமாக ஒரு பெரிய பைக் இருந்தால் கால்களுக்கு விடுதலை கிடைக்குமே என்று, சேமிப்பையெல்லாம் வழித்துத் துடைத்து, செகண்ட் ஹேண்டில் ஒரு தண்டர்பேர்டு வாங்கினேன்.

வீடு பொத்தேரியில். பி.காம். படித்தவன். பகலில் நாலைந்து கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். ராத்திரியில் பத்திரிகைகளுக்கு எழுதுகிறேன். (எது பொய்க்கணக்கு என்று கேட்காதீர்கள்!) தாம்பரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் நடுவே ஜி.எஸ்.டி. ரோட்டில் மேலும் கீழும் அலைவதிலேயே பாதி ஆயுள் போகிறது.

‘க்ரூஸர்’ என்றால் தாழ்ந்த ஸீட், உயர்ந்த ஹாண்டில் பார், கொஞ்சம் முன்னால் தள்ளி ஃபுட் ரெஸ்ட். சாய்வு நாற்காலிக்கு இரண்டு சக்கரம் வைத்த மாதிரி! நம் ஊரில் இந்த ஆசையை 2001-ல் கவாஸாகி பஜாஜ் எலிமினேட்டர் கிளப்பிவிட்டது. அடுத்த வருஷமே ராயல் என்ஃபீல்டின் தண்டர்பேர்டு வந்தது. 2005-ல் பஜாஜ் அவெஞ்சர். 2020-ல் தண்டர்பேர்டு ஓய்வு பெற, அந்த நாற்காலியில் மீட்டியார் வந்து உட்கார்ந்தது. 1955-ல் திருவொற்றியூரில் ஆரம்பித்த என்ஃபீல்டு சமாசாரம் 2013-ல் ஒரகடத்துக்கும் வந்துவிட்டது. என் வீட்டிலிருந்து சிங்கப்பெருமாள்கோவில் போய் வலதுபுறம் திரும்பினால் ஒரகடம் ரோடு. ஆக, அண்ட வீட்டுக்காரன் என்கிற உரிமை எனக்கு உண்டு!

வாங்கி ஒரே மாதத்தில் உண்மை புரிந்தது. சாய்வு நாற்காலிதான்... ஆனால், ஐந்தரை அடிக்காரனுக்கு! மறைமலை நகர் தாண்டுவதற்குள் முழங்கால் மடங்கி மரத்துப் போனது.

அமெரிக்காக்காரன் கால்

அமெரிக்காவில் இதற்கு ஒரு வைத்தியம் வைத்திருக்கிறார்கள். ‘ஹைவே பெக்’ என்று பெயர். என்ஜினுக்கு முன்னால், நாம் ‘லெக் கார்டு’ என்கிறோமே, அந்தப் பைப்பில் இரண்டு பக்கமும் கூடுதலாக ஒரு ஜோடி ஃபுட் ரெஸ்ட். நேரான நீண்ட ரோட்டில், ஆள் அரவமில்லாத இடத்தில், காலை முன்னால் நீட்டிக்கொண்டு ராஜா மாதிரி போகலாம். ஹார்லி டேவிட்சன்காரர்கள் நூற்றுக்கணக்கான மைல் அப்படித்தான் போகிறார்கள்.

‘நேரான’, ‘ஆள் அரவமில்லாத’... இந்த இரண்டு வார்த்தைகளையும் நான் சரியாகப் படிக்கவில்லை. அங்கேதான் கதை ஆரம்பம்.

கடையில் ரெடிமேடாகக் கிடைக்கிறது. விலையைக் கேட்டதும் எனக்குள் இருந்த பி.காம். விழித்துக்கொண்டது. “நாமே செய்தால் என்ன?”

தண்ணீர்க் குழாயைச் சுவரில் பிடித்துவைக்கத் தகரக் கிளாம்ப் விற்கிறார்களே, அதில் நாலு வாங்கினேன். அரையடி நீளத்தில் இரண்டு துண்டு இரும்புப் பைப். கிளாம்ப் வழுக்காமல் இருக்க உள்ளே பழைய சைக்கிள் ட்யூப். சாதா போல்ட், சாதா நட். பைப்புக்கு மேல் கறுப்பு ரப்பர் பிடி. ஆக மொத்தம் 310 ரூபாய்!

அப்பா வாசல் திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பெரம்பூர் ஐ.சி.எஃப்-ல் முப்பத்திரண்டு வருஷம் ஃபிட்டராக இருந்து ரிட்டயரானவர். கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தார்.

“டேய், இது மடங்குமா?”

“எதுக்குப்பா மடங்கணும்? காலு வெக்கத்தானே?”

“நட்டு?”

“நல்லா டைட்டாத்தான் இருக்கு.”

“சரி” என்று மறுபடி பேப்பருக்குள் போய்விட்டார். அந்த ‘சரி’க்கு என்ன அர்த்தம் என்று நாலு நாள் கழித்துத்தான் தெரிந்தது.

ஒரு சாண்

அன்றைக்கு சாயங்காலம் கூடுவாஞ்சேரியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். இரண்டு காலையும் முன்னால் நீட்டி, ஐம்பதில் போகிறேன். பஸ் ஸ்டாப்பில் நின்ற காலேஜ் பையன்கள் வேறு திரும்பிப் பார்க்கிறார்கள். நெஞ்சு நாலு அங்குலம் கூடுதலாக விரிந்தது.

ஒற்றை சிலிண்டர் வண்டி உதறுகிற உதறலில் நட் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றிருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. திடீரென்று வலது பக்கக் கிளாம்ப் பைப்பைச் சுற்றிக்கொண்டு ‘கர்ரக்’ என்று கீழே இறங்கியது. அதன் மேல் இருந்த என் காலும் இறங்கியது. செருப்பு ரோட்டில் உராய்ந்து, பின்னால் இழுத்து... அதே வினாடியில் முன்னால் போன ஷேர் ஆட்டோ, யாரோ கை காட்டினார்கள் என்று சடக்கென நின்றது!

கால் ப்ரேக்கைத் தேடுகிறேன். கால் இருந்தால்தானே! அது எங்கேயோ ரோட்டில் தடுமாறுகிறது. கை ப்ரேக்கை மட்டும் பிடித்து, வண்டி ஆடி அலைந்து நின்றபோது, ஆட்டோவுக்கும் என் முன் சக்கரத்துக்கும் நடுவே ஒரு சாண். ஆட்டோவின் பின் ஸீட்டில் ஓர் அம்மாள் மடியில் குழந்தை. அது என்னைப் பார்த்துச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகிற வண்டி ஒரு வினாடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடிவிடும். நீட்டிய காலை எடுத்து ப்ரேக் பெடலுக்குக் கொண்டுவர அரை வினாடி என்றே வைத்துக்கொள்ளுங்கள். எட்டு மீட்டருக்கு மேல் போய்விட்டது! எனக்குக் கிடைத்தது ஒரு சாண்.

மனைவியிடம் செருப்பு அறுந்துவிட்டது என்று மட்டும் சொன்னேன். அப்பா செருப்பைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன்.

“நாளைக்கு புதுப்பேட்டை போய்ட்டு வா” என்றார்.

ஃபிட்டர் பாடம்

எழும்பூரில் இறங்கி நடந்தால் புதுப்பேட்டை. மோட்டார் வாகன உலகத்தின் மயானமும் அதுதான், மறுஜென்மமும் அதுதான்! அப்பா எழுதிக்கொடுத்த சீட்டின்படி வாங்கியது, ஸ்பிரிங் போட்டு மடங்குகிற பழைய ஃபுட் ரெஸ்ட் மூன்று. அதன் ‘யூ’ வடிவப் பிடிமானங்களோடு. “ஜோடியாத்தானே ஸார் வாங்குவாங்க?” என்றார் கடைக்காரர். எனக்கும் அதே சந்தேகம்தான். சீட்டில் மூன்று என்றுதான் இருந்தது.

மறுநாள் வகுப்பு ஆரம்பமாயிற்று. நீங்களும் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் பாடம், அளவு. லெக் கார்டு பைப்பின் குறுக்களவைக் கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடாது. வெர்னியர் வைத்துப் பார்க்க வேண்டும். கிளாம்ப் தகரத்தில் கூடாது. ஐந்து மில்லிமீட்டர் கனத்தில் இரும்புப் பட்டை, பைப்பை இரண்டு பாதியாகக் கவ்வுகிற மாதிரி. இரண்டு பாதியையும் முடுக்கிய பிறகும் நடுவே ஒரு நூல் இடைவெளி இருக்க வேண்டும். இடைவெளி இல்லாமல் ஒட்டிக்கொண்டால் கிளாம்ப் பைப்பைப் பிடிக்கவில்லை. தன்னைத்தானே பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

இரண்டாம் பாடம், வெல்டிங். ‘யூ’ பிடிமானத்தைக் கிளாம்பில்தான் வெல்டு வைக்க வேண்டும். அதுவும் கழற்றி எடுத்துப் பட்டறைக்குக் கொண்டுபோய். லெக் கார்டிலேயே வைத்தால் குரோம் பூச்சும் போச்சு, அந்தப் புகையும் நெஞ்சுக்கு ஆகாது. நாகம் பூசிய ஜி.ஐ. பைப்பும் அப்படித்தான், பூச்சை உரசி எடுக்காமல் வெல்டு வைத்தால் அன்றைக்கு ராத்திரி வெல்டருக்குக் குளிர் ஜுரம் வரும்.

மூன்றாம் பாடம்தான் நான் கோட்டைவிட்டது. ஃபுட் ரெஸ்ட் மேலும் பின்னுமாக மடங்க வேண்டும். வளைவில் வண்டி சாயும்போது நுனி ரோட்டில் இடித்தால் அது மடங்கிக்கொள்ளும். மடங்காத இரும்பு என்றால் கடப்பாரை போட்டு நெம்புகிற மாதிரி வண்டியையே தூக்கிவிடும். “பைக்குல கம்பெனிக்காரன் வெக்கிற ஃபுட் ரெஸ்ட்டு எதுக்கு மடங்குதுன்னு நெனச்சே? அழகுக்கா?” என்றார் அப்பா.

நாலாம் பாடம், நட். உள்ளே நைலான் வளையம் வைத்த லாக் நட். எட்டு மில்லிமீட்டர் ஹை டென்ஸைல் போல்ட். முடுக்கி முடித்ததும், “உன் வீட்டுக்காரிகிட்ட நெகப் பூச்சு இருந்தா வாங்கிட்டு வா” என்றார். போல்ட், நட், கிளாம்ப், பைப் எல்லாவற்றின் மீதும் சேர்த்து ஒரே கோடாகச் சிவப்புப் பூச்சு இழுத்தார். “ஒர்க்‌ஷாப்ல பெயிண்ட்டுல போடுவோம். கோடு ஒடஞ்சிருந்தா ஏதோ நகர்ந்திருக்குன்னு அர்த்தம். தெனமும் காலைல பாரு.” (ஒரு பாட்டில் நெயில் பாலிஷுக்கு இன்னமும் வீட்டில் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்!)

கடைசியாகப் பரீட்சை. சென்டர் ஸ்டாண்ட் போட்டு ஆள் பிடித்துக்கொள்ள, மொத்த பலத்தோடு மிதித்துப் பார்த்தேன். அசையவில்லை. ஹாண்டில் பாரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை திருப்பி, முன் சக்கரத்தில் எதுவும் உரசவில்லையே என்றும், சூடான சைலன்ஸர் வளைவில் கால் படவில்லையே என்றும் பார்த்துக்கொண்டோம்.

சட்டமும் ஒன்று இருக்கிறது ஸார். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு. தயாரித்தவர் சொன்ன விவரத்திலிருந்து ஆர்.சி. மாறுபடுகிற மாதிரி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. அதனால் ஃப்ரேமில் ஒரு துளை, ஒரு வெல்டு கிடையாது. இரண்டு ஸ்பானர் இருந்தால் பத்து நிமிஷத்தில் கழற்றிவிடலாம்.

மூன்றாவது

எல்லாம் முடிந்தது. தரையில் ஒரு ஃபுட் ரெஸ்ட் மிச்சம் கிடந்தது.

“இது எதுக்குப்பா?”

அப்பா உடனே பதில் சொல்லவில்லை. ஸ்பானரைத் துணியில் துடைத்துக்கொண்டே, “பின் ஸீட்டுல இடது பக்கத்து ஃபுட் ரெஸ்ட்டை ரெண்டு அங்குலம் எறக்க முடியுமான்னு பாரேன்” என்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. வண்டி வாங்கிய இத்தனை மாதத்தில் அப்பா இரண்டே தடவைதான் பின்னால் உட்கார்ந்திருக்கிறார். அதற்குப் பிறகு எங்கே கூப்பிட்டாலும், “நீ போ, நான் ட்ரெயின்ல வந்துடறேன்” என்பார். பயம் என்று நினைத்தேன். மகன் ஓட்டுகிற லட்சணம் பிடிக்கவில்லை என்றும் நினைத்தேன். அவருக்கு இடது முழங்காலில் தேய்மானம். பின் ஃபுட் ரெஸ்ட் உயரத்தில் இருப்பதால் கால் அளவுக்கு மீறி மடங்குகிறது. பத்து நிமிஷத்துக்கு மேல் தாங்காது. ஆறடிக்காரன் தன் முழங்காலைப் பற்றி ஊருக்கெல்லாம் புலம்பிக்கொண்டிருக்க, அவர் வாயைத் திறக்கவே இல்லை.

பின் ஸீட்காரருக்குக் கைப்பிடியும் ஃபுட் ரெஸ்ட்டும் கட்டாயம் என்று 1989-ம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளிலேயே, 123-வது விதியில், இருக்கிறது. அந்த ஃபுட் ரெஸ்ட் அப்பாவுக்கு எட்டுகிறதா என்று பார்ப்பது மகனின் வேலை.

கனமான பட்டையில் ஒரு தொங்கல் செய்தோம். மேல் நுனி, கம்பெனி பிடிமானத்தில் அதே பின்னில் மாட்டிக்கொள்ளும். அது ஆடாமல் இருக்க ஒரு தடுப்பு. கீழ் நுனியில் புதுப்பேட்டை ஃபுட் ரெஸ்ட். இரண்டு அங்குலம் கீழே, ஒரு அங்குலம் முன்னே. வலது பக்கம் என்றால் சைலன்ஸர் வழிமறித்திருக்கும். நல்லவேளை, வலி இடது பக்கம்! ஆள் உட்கார்ந்து ஸ்பிரிங் அமுங்கும்போதும் எதிலும் இடிக்கவில்லை என்று பார்த்துக்கொண்டோம். அதற்கும் ஒரு சிவப்புக் கோடு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேடந்தாங்கல். செங்கல்பட்டு தாண்டி, பாலாற்றுப் பாலம் தாண்டி, படாளத்தில் திரும்பி... நாற்பது கிலோமீட்டருக்கு மேல். இரண்டு இடத்தில் டீக்காக நிறுத்தினேன். இரண்டு தடவையும் அவர் இறங்கியதும் முதலில் குனிந்து பார்த்தது கோட்டைத்தான்.

“கால் வலிக்குதாப்பா?”

“ஒன்னும் இல்ல. ஓட்டு.”

கடைசியில் ஒரு பாலன்ஸ் ஷீட் போடாவிட்டால் என் படிப்புக்கு மரியாதை இல்லை. முதல் முயற்சி 310 ரூபாய். செருப்பு, ஒரே நாளில் நூறு சதவீதத் தேய்மானம். இரண்டாம் முயற்சி, மூன்று ஃபுட் ரெஸ்ட், பட்டை, போல்ட், வெல்டிங் எல்லாம் சேர்த்து 1,140 ரூபாய். கடையில் ரெடிமேடாக வாங்கியிருந்தால் ஏறக்குறைய இதே காசுதான்!

வரவுப் பக்கத்தில் ஒன்றுதான் எழுத வேண்டியிருக்கிறது. முன்னால் இருக்கும் அந்த ஜோடியில் நான் இப்போது கால் வைப்பதே அபூர்வம். பொத்தேரியில் மடக்கிவைத்தால், செங்கல்பட்டு தாண்டி ரோடு காலியாக இருந்தால் மட்டும், அதுவும் இடது கால் மட்டும். வலது கால் ப்ரேக்கை விட்டு நகராது. இத்தனை பாடுபட்டுச் செய்த மூன்றில், தினமும் உபயோகத்தில் இருப்பது அந்த மூன்றாவதுதான்.

நேற்று காலை தாம்பரத்துக்குக் கிளம்பினேன். வாசலில் ஹெல்மெட்டோடு நின்றுகொண்டிருந்தார் அப்பா.

“ட்ரெயின் லேட்டாம்டா” என்றார்.

ரயில்வேக்காரர் ரயில் மேல் பழி போட்டு அன்றைக்குத்தான் கேட்டேன்!