செம்பும் சுடரும்

பொற்கொல்லர் நகையின் இணைப்பிலே பற்றாசுப் பொடியை வைத்து, ஊதுகுழலால் விளக்குச் சுடரை அதன்மேற் செலுத்துவர். ‘பொடி வைத்து ஊதுதல்’ என்னும் வழக்கு இத்தொழிலிலிருந்தே வந்தது என்பர். மைசூரின் ஹெப்பாள் போன்ற தொழிற்பகுதிகளில் செப்புக் குழாய்களை வாயுச் சுடரால் இணைப்போர் செய்வதும் அடிப்படையில் இதே தொழிலாகும். கருவிகள் மாறினும் விதி மாறவில்லை.

அவ்விதி யாதெனில், சுடர் செம்பைச் சூடாக்க வேண்டும். சூடேறிய செம்பு பற்றாசை உருக்க வேண்டும். உறுதியான இணைப்பு, தொழிலாளியின் நலம் ஆகிய இரண்டும் இதனுள் அடங்கியுள்ளன.

இணைப்பு உண்டாகும் விதம்

செம்பு ஏறத்தாழ 1,085 டிகிரி சென்டிகிரேடில் உருகும். வெள்ளீயம் 63 பங்கும் காரீயம் 37 பங்கும் சேர்ந்த மென்பற்றாசு 183 டிகிரியிலேயே உருகிவிடும். வன்பற்றாசு உருக 450 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பம் தேவை. இரு வகையிலும் செம்பு உருகுவதில்லை. உருகிய பற்றாசே இடைவெளியுட் பரவி உறைகிறது. அவ்விடைவெளி ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவினதாக இருத்தல் நன்று. இரு கண்ணாடித் தகடுகளை நெருக்கி வண்ண நீரில் நிறுத்தினால், இடைவெளி குறுகிய பக்கத்தில் நீர் உயர ஏறும். ஆசிரியர்கள் இதனை வகுப்பிலேயே செய்து காட்டலாம்.

குழாயின் பிசிறை நீக்கி, உப்புத்தாளால் பளபளக்கத் தேய்த்து, வெண்காரம் போன்ற ஏற்ற இளக்கியைப் பூசிய பின்னரே சூடேற்றல் வேண்டும். அழுக்கேறிய செம்பிற் பற்றாசு ஒட்டாது.

கண்ணுக்குப் புலனாகாத தீங்கு

வெள்ளி கலந்த வன்பற்றாசுகள் சிலவற்றில் காட்மியம் உண்டு. அது 767 டிகிரியில் கொதித்து ஆவியாகும். பற்றாசின்மீதே சுடரைக் காட்டுவோர் அவ்வாவியை எளிதில் எழுப்பிவிடுகின்றனர். அதைச் சுவாசித்தவருக்கு அப்போது துன்பம் ஏதும் தோன்றாதிருக்கலாம். சில மணி நேரத்திற்குப் பின் காய்ச்சலும் மார்பு இறுக்கமும் மூச்சுத் திணறலும் காணும். சாதாரணச் சளி என்றெண்ணி வாளாவிருத்தல் உயிருக்கே கேடாகலாம். செய்த வேலையைச் சொல்லி மருத்துவரை உடனே நாட வேண்டும். ஆகவே காட்மியம் கலவாத பற்றாசையே வாங்குக. காற்றோட்டமுள்ள இடத்திலே வேலை செய்க.

குடிநீர்க் குழாய்களுக்குக் காரீயம் கலந்த பற்றாசு ஆகாது. காரீயம் நீரிற் கலக்கும்.

சுடரைக் கையாளுதல்

ஆக்ஸிஜன் சிலிண்டரின் வால்விலும் இணைப்புகளிலும் எண்ணெய் படலாகாது. படின் தீப்பற்றி வெடிக்கக்கூடும். அசிட்டிலீன் வாயுவைச் செப்புக் குழாய் வழியே செலுத்தலாகாது. அவ்விரண்டும் கூடி வெடிக்கும் பொருளை உண்டாக்கும். சிலிண்டர்களை நிமிர்த்திக் கட்டி வைக்க வேண்டும். கசிவைச் சோப்பு நீரால் அறிக. தீக்குச்சியால் ஒருபோதும் சோதியாதீர். குளிர்சாதனக் குழாயிலுள்ள வாயுவை, அதற்குரிய கருவியால் முற்றும் மீட்டெடுத்த பின்னரே சுடரை அணுகவிடுக. சுடர்பட்ட அவ்வாயு நச்சாக மாறும். இருமுனையும் மூடிய குழாயைச் சூடேற்றின் அது வெடிக்கலாம்.

நிறக்கண்ணாடியும் தோலுறையும் அணிதல், அருகில் மணல் வாளி வைத்தல், வேலை முடிந்த பின்னும் அரைமணி நேரம் அவ்விடத்தைக் கவனித்தல் ஆகியவற்றைப் பழக்கமாக்குதல் வேண்டும். சுடரை எங்கே காட்டுவது என்னும் பாடத்தை முதல் நாளே கற்ற மாணவன், நல்ல இணைப்பையும் தன் நுரையீரலையும் ஒருங்கே காப்பான்.