மண் தின்பவர்கள்

1906இல் சென்னை அரசு அச்சகத்திலிருந்து ஒரு தடிப் புத்தகம் வந்தது. எழுதியவர் எட்கர் தர்ஸ்டன். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர். கருவியும் கையுமாக அலைந்து நம் பாட்டன் பூட்டன்களின் மூக்கை அளந்தவர். தென்னிந்தியர் பற்றிய இனவரைவியல் குறிப்புகள் என்பது புத்தகத்தின் விஷயம். உள்ளே இருப்பதைவிட அதன் பொருளடக்கம்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. கல்யாணச் சடங்கு, சாவுச் சடங்கு என்று ஆரம்பித்து சித்திரவதை, அடிமைமுறை, தீமிதி, செடல், சிசுக்கொலை என்று போகிறது. பெண்டாட்டி பிள்ளை பெற்றால் புருஷன் படுத்துக்கொள்கிற வழக்கத்துக்கு ஓர் இடம், வளைதடிக்கு ஓர் இடம், சேவல் சண்டைக்கு ஓர் இடம். இவற்றோடு சேர்த்து, மண் தின்பதற்கும் ஓர் இடம்.

எந்தத் தர்க்கத்தில் இவையெல்லாம் ஒரே புத்தகத்தில் சேர்ந்தன? தீமிதிக்கும் வளைதடிக்கும் என்ன உறவு? உறவு அந்த விஷயங்களுக்குள் இல்லை, பார்க்கிறவர் கண்ணில் இருக்கிறது. ஒரு வெள்ளைக்கார அதிகாரிக்கு எதெல்லாம் விசித்திரமாகப் பட்டதோ அதெல்லாம் ஒரே அலமாரி. நம் வாரப்பத்திரிகைகளின் துணுக்குப் பகுதி இந்த அலமாரியின் பேரப்பிள்ளைதான். ஆகாய விமானத்தைத் துண்டு துண்டாக நறுக்கித் தின்ற பிரெஞ்சுக்காரர், புழு நெளியும் பாலாடைக்கட்டியை ருசிக்கும் சார்டினியத் தீவுக்காரர்கள் என்று சாப்பாட்டு விசித்திரங்களுக்கு அங்கே எப்போதும் கிராக்கி உண்டு. படித்து 'அய்யே' என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திருப்பினால் நம்முடைய இட்லி இன்னும் கொஞ்சம் இயல்பான உணவாகிவிடுகிறது. அவ்வளவுதான் அந்தத் துணுக்கின் வேலை.

நான் மண்ணை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஏனென்றால் இது தூரத்து விசித்திரம் இல்லை. நம் அடுப்படியில் நடக்கிற விஷயம். நம்முடைய மிகப் பழைய பிரதிகளிலேயே இருக்கிறது.

புறநானூற்றின் 20ஆம் பாட்டு. குறுங்கோழியூர் கிழார் சேரமான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறையைப் பாடுகிறார். உன் மண்ணைப் பகைவன் எவனும் தின்றுவிட முடியாது, வாய்க்கு ஆசைப்பட்டு மசக்கைக்காரிகள் தின்றால்தான் உண்டு என்பது அந்தப் பாட்டில் வரும் புகழ்ச்சி. உண்ணுதல் என்ற சொல்லுக்கு இங்கே இரண்டு வாய். ஒன்று நிலத்தைப் பிடுங்குகிற வாய், மற்றது உண்மையிலேயே ஒரு கட்டி மண்ணை எடுத்துக் கடிக்கிற வாய். கவனிக்க வேண்டியது, அந்தப் பெண்ணைப் பார்த்துப் புலவர் ஆச்சரியப்படவில்லை. மசக்கை வந்தால் மண் தின்பாள் என்பது கேட்பவர் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி, அதனால்தான் உவமையாக முடிகிறது. அதே சமயம் அவள் அங்கே வருவது அரசனின் காவலை அளப்பதற்கான அளவுகோலாக மட்டும்தான். அவள் ஏன் தின்றாள் என்பது பாட்டின் கவலை அல்ல.

காளிதாசனின் ரகுவம்சத்தில், மூன்றாம் சர்க்கத்தில், கர்ப்பிணியாக இருக்கும் அரசி சுதட்சிணை மண் தின்கிறாள். அவள் வாயில் வீசும் மண்வாசத்தை அரசன் திலீபன் முகர்ந்து பார்த்து மயங்குகிறான். கவி அதற்கு ஒரு காரணமும் கற்பிக்கிறார்: பிறக்கப்போகும் மகன் பூமி முழுவதையும் ஆளப்போகிறவன், ஆகவே தாய் இப்போதே பூமியை ருசி பார்க்கிறாள். கண்ணன் தின்ற கதை தெரிந்ததுதான். யசோதை வாயைத் திறக்கச் சொன்னால் உள்ளே அண்ட சராசரமே தெரிந்தது. அரசி தின்றால் ராஜயோகம், சாமி தின்றால் பிரபஞ்சம்.

மருந்தாகவும் மண் விற்றிருக்கிறது. கிரேக்கத்தின் லெம்னோஸ் தீவில் எடுத்த செம்மண்ணை வில்லையாகத் தட்டி முத்திரை குத்தி விற்றார்கள். விஷமுறிவுக்கு நல்லதென்று நம்பிக்கை. இரண்டாம் நூற்றாண்டில் மருத்துவர் கேலன் அதைத் தேடிக்கொண்டு அந்தத் தீவுக்கே போனார். துருக்கி சுல்தான்களின் காலத்திலும் வியாபாரம் தொடர்ந்தது, ஐரோப்பிய மருந்துக்கடைகளில் நல்ல விலை. குவாதமாலாவின் எஸ்கிப்புலாஸ் ஊரில் கறுப்புக் கிறிஸ்துவைக் கும்பிட வருகிறவர்களுக்குப் புனிதர் உருவம் பதித்த வெள்ளைக் களிமண் வில்லைகள் விற்கும். அதைக் கர்ப்பிணிகள் தின்பார்கள். முத்திரை குத்தியாச்சு என்றால் மண் மண்ணாக இருப்பதில்லை.

இப்போது அட்லாண்டிக்கைத் தாண்டிப் போக வேண்டும். கரீபியத் தீவுகளிலும் பிரேசிலிலும் அமெரிக்காவின் தெற்கிலும், கரும்புத் தோட்டத்திலும் பருத்திக் காட்டிலும் இருந்த ஆப்பிரிக்க அடிமைகள் மண் தின்றார்கள். முகம் வீங்கி, தோல் வெளிறி, மூச்சு வாங்கிச் செத்தார்கள். தோட்ட முதலாளிகளுக்கு இது பெரிய நஷ்டம். ஆகவே அது நோய் ஆயிற்று. நோய்க்கு லத்தீனில் பெயர் வந்தது, 'ஆப்பிரிக்க நலிவு' என்ற பொருளில். சாமுவேல் கார்ட்ரைட் என்ற அமெரிக்க மருத்துவர் 1851இல் கறுப்பர்களின் வியாதிகள் என்று ஓர் அறிக்கை எழுதினார். அடிமைகள் தப்பி ஓடுவதையே ஒரு மனநோயாகக் கண்டுபிடித்துப் பெயர் வைத்த அதே மகானுபாவர். அந்த அறிக்கையில் மண் தின்பதும் இருக்கிறது. இவர் கணக்குப்படி ஓடினாலும் வியாதி, தங்கி மண்ணைத் தின்றாலும் வியாதி.

வைத்தியம் என்ன தெரியுமா? தகர முகமூடி. 1816 முதல் 1831 வரை பிரேசிலில் இருந்த பிரெஞ்சு ஓவியர் ஜான் பாப்டிஸ்ட் தெப்ரே அதை வரைந்திருக்கிறார். கண்ணுக்கும் மூச்சுக்கும் துளை விட்டு முகத்தை மூடி, தலைக்குப் பின்னால் பூட்டுப் போட்ட தகரம். சாராயம் குடிக்காமல் இருக்கவும் அதே முகமூடிதான் மாட்டினார்கள். மண் தின்பது தற்கொலை செய்துகொள்வதற்கான வழி என்று பல முதலாளிகள் நம்பினார்கள். சாவதும்கூட அவர்கள் சொத்தைத் திருடுவதுதானே! தோட்டத்து மண் முழுவதையும், புறநானூற்று அர்த்தத்தில், தின்று முடித்தவர்கள் ஒரு கைப்பிடி மண்ணைக் காக்க மனிதர் வாய்க்குப் பூட்டுப் போட்டார்கள்.

நம் பக்கத்திலும் இந்தக் கவலை வந்தது. தர்ஸ்டன் புத்தகம் வந்த அதே 1906இல் வங்காள ஆசியக் கழகம் இந்தியாவில் மண் தின்னும் பழக்கம் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டது. எழுதியவர்கள் டேவிட் ஹூப்பர், ஹரால்ட் மேன். இதில் மேன் என்பவர் தேயிலை முதலாளிகள் சங்கத்தின் விஞ்ஞானி. தேயிலைக்காரருக்கு மண்ணைப் பற்றி அக்கறை இருக்கும், சரி. கூலிகளின் வாய்க்குள் போகிற மண்ணில் அக்கறை வந்ததை என்னால் தற்செயல் என்று எடுத்துக்கொள்ள முடியவில்லை.

இதற்கிடையில் கொக்கிப்புழு பற்றிய அறிவு வந்து சேர்ந்தது. அதுவரை சொல்லப்பட்ட கதை, மண்ணைத் தின்றான், அதனால் சோகை பிடித்தது என்பது. கொக்கிப்புழுவின் குட்டி பெரும்பாலும் வாய் வழியாக வருவதில்லை. மலம் கலந்த ஈர மண்ணில் வெறுங்காலோடு நடந்தால் பாதத்தைத் துளைத்துக்கொண்டு ஏறும். குடலில் போய் ஒட்டிக்கொண்டு ரத்தத்தை உறிஞ்சும். ரத்தத்தில் இரும்பு குறையும். இரும்பு குறைந்த உடம்பில்தான் மண்ணாசை வருவது அதிகம். கதை தலைகீழாகத் திரும்பிவிட்டது: குற்றவாளி வாய் இல்லை, செருப்பில்லாத கால். 1909இல் ராக்பெல்லர் பணத்தில் அமெரிக்கத் தெற்கில் ஆரம்பித்த கொக்கிப்புழு ஒழிப்பு வேலை, 1910களின் நடுவில் இலங்கைத் தோட்டங்களில் நம் மலையகத் தமிழரிடமும் வந்து சேர்ந்தது. மருந்து கொடுப்பது லேசு. லயத்துக்கு லயம் கக்கூஸ் கட்டுவதும் காலுக்குச் செருப்பு வாங்கித் தருவதும் செலவு. யார் செலவு என்பதுதான் கேள்வி.

இங்கே இடதுசாரி நண்பர்கள், சூழலியல் நண்பர்கள் சிலர் விரும்பிச் சொல்லும் ஒரு பதிலைப் பற்றிப் பேசியாக வேண்டும். 'உடம்புக்குத் தெரியும். இரும்பு கேட்கிறது, மண்ணைத் தின்கிறது. நாட்டுப்புற ஞானம்' என்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சில வகைக் களிமண் குடலில் இருக்கும் இரும்பைப் பற்றிக்கொண்டு உடம்பில் சேரவிடாமல் செய்யும், சோகை இன்னும் கூடும். போதாக்குறைக்கு, அதே ரத்தசோகைக்காரர்களில் பலருக்குப் பனிக்கட்டியைக் கடித்துத் தின்னும் வெறி வருகிறது. பனிக்கட்டியில் ஏது இரும்பு? ஆக உடம்பு அப்படியொன்றும் சர்வஞானி இல்லை. சீனத்தில் 1959 முதல் 1961 வரை நடந்த பஞ்சத்தில் கருணைத் தெய்வம் குவான்யின் பெயரால் அழைக்கப்படும் வெள்ளை மண்ணை மக்கள் தின்றார்கள். வயிறு நிறைந்தது, குடல் அடைத்துச் செத்தார்கள். இதை ஞானம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதற்காக எல்லாம் மூடப்பழக்கம் என்று தள்ளவும் முடியாது. ஆண்டிஸ் மலையில் கசப்பு உருளைக்கிழங்கைக் களிமண் குழம்பில் தோய்த்துத் தின்கிறார்கள். கிழங்கில் உள்ள நஞ்சைக் களிமண் உறிஞ்சிக்கொள்ளும். வயிற்றுப்போக்குக்கு ஒரு காலத்தில் ஆங்கில மருந்துக்கடையில் கொடுத்ததே கயோலின்தான். கயோலின் என்பதும் மண்தானே? உலகம் பூராவும் பதிவான கணக்குகளைத் திரட்டி 2011இல் ஒரு புத்தகம் எழுதிய மானிடவியலாளர் சேரா யங், மண் தின்பவர்களில் கர்ப்பிணிகளும் சிறு பிள்ளைகளும் அதிகம், வெப்ப நாடுகளில் அதிகம் என்று காட்டுகிறார். நஞ்சும் கிருமியும் எளிதில் தாக்கக்கூடிய உடம்புகள் இவை, ஆகவே களிமண் குடலுக்கு ஒரு காப்பாக இருக்கலாம் என்பது அவர் வாதம். தின்பவர்கள் கண்ட மண்ணையும் தின்பதில்லை. மேல்மண்ணை ஒதுக்கி அடிமண்ணைத் தோண்டி எடுப்பார்கள், சுடுவார்கள், கல் பொறுக்குவார்கள். 1800இல் ஒரினோகோ ஆற்றங்கரையில் ஒட்டோமாக் மக்களைப் பார்த்த ஹும்போல்ட்டும், வெள்ளம் வந்து மீன் கிடைக்காத மாதங்களுக்காக அவர்கள் களிமண் உருண்டைகளை லேசாகச் சுட்டு அடுக்கி வைத்திருந்ததைத்தான் எழுதினார். அதாவது அதற்கு ஒரு சமையல் இருக்கிறது.

சமையல் இருந்ததைச் செய்தியாளர்கள் எப்படிக் காணாமல் போக்குகிறார்கள் என்பதற்கு ஹைட்டி உதாரணம். 2008 ஜனவரியில் உலகப் பத்திரிகைகள் எல்லாம் ஒரே படம்: போர்ட்டோபிரின்ஸ் சேரியில் பெண்கள் மண் பிஸ்கட் தட்டி வெயிலில் காய வைக்கிறார்கள். இன்ஷ் ஊர்ப் பக்கத்து மண், உப்பு, கொஞ்சம் கொழுப்பு. கர்ப்பிணிகளுக்கு நல்லதென்று அங்கே முன்பிருந்தே தின்று வந்த பண்டம்தான். புதுசு என்னவென்றால் அதுவே ஒரு வேளைச் சாப்பாடாகிப் போனது. ஏன் ஆனது? சர்வதேச நிதி நிறுவனங்கள் நெருக்கியதில் 1995இல் ஹைட்டி அரிசி இறக்குமதி வரியை 35 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைத்தது. மானியத்தில் விளைந்த அமெரிக்க அரிசி வந்து இறங்கியது, உள்ளூர் விவசாயி காணாமல் போனான். 2008இல் உலகச் சந்தையில் அரிசி விலை ஏறியபோது சொந்த அரிசி இல்லை. ஏப்ரலில் கலகம், பிரதமர் பதவி போனது. தன் ஊர் அர்க்கன்சாஸ் விவசாயிகளுக்கு நல்லதாகப்பட்ட அந்தக் கொள்கை ஹைட்டிக்குக் கேடு செய்துவிட்டது என்று பில் கிளிண்டன் 2010 மார்ச்சில் செனட் குழு முன்னால் ஒத்துக்கொண்டார். மண் பிஸ்கட் படத்தைப் பார்த்தவர்களில் எத்தனை பேர் இந்த வரிக்கணக்கைப் பார்த்திருப்பார்கள்? விசித்திரமாக எது தெரிய வேண்டியது, அந்த பிஸ்கட்டா, 3 சதவீதமா?

நம்ம வீட்டுக்கு வருவோம். எங்கள் குடும்பத்தில் அத்தையிடம் ஒரு நாள் கேட்டேன், 'ஏன் அத்தை, மாசமா இருந்தப்ப நீங்க மண்ணு தின்னீங்களா?' 'யாருடா தின்னல? உங்கம்மாவைக் கேளு, பல்பத்தை டப்பாவோட முழுங்குவா. நான் அடுப்பு மண்ணு, சாம்பல். உங்க மாமாவுக்குத் தெரியாது' என்றார். மழை பெய்து சுவர் நனைந்தால் அந்த வாசத்துக்கே நாக்கில் எச்சில் ஊறுமாம். எனக்கு உறைத்தது கடைசி வார்த்தைதான், 'உங்க மாமாவுக்குத் தெரியாது.' திலீபன் முகர்ந்து பார்த்து மயங்கியதெல்லாம் காவியத்தில். வீட்டில் பொம்பளை திருட்டுத்தனமாகத் தின்ன வேண்டியிருக்கிறது. 'சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டான்' என்று பேசுகிற மொழியில், சோறு இருக்கும்போதே மண்ணைத் தேடிப் போகிறவள் வெட்கப்படாமல் என்ன செய்வாள்? வங்கதேசத்துச் சில்ஹெட் பக்கம் சுட்ட களிமண் வில்லைக்கு 'சிகோர்' என்று பேர். அது லண்டனில் அவர்கள் கடைகளுக்கே போய்ச் சேர்ந்தது. அதில் ஈயமும் ஆர்சனிக்கும் இருக்கிறது, கர்ப்பிணிகள் தின்னக்கூடாது என்று அங்கே எச்சரிக்கிறார்கள். எச்சரிக்கை நியாயம்தான். ஆனால் ஏற்கெனவே ஒளிந்து தின்கிறவள் அதைக் கேட்டு இன்னும் கொஞ்சம் ஒளிந்துகொள்வாள்.

2019–21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 57 சதவீதத்தினருக்கு ரத்தசோகை. மருத்துவமனைகள் நிறைந்த தமிழ்நாட்டில் 53 சதவீதத்துக்கு மேல். வீட்டில் ஆம்பளைகள் தின்ற பிறகு மிச்சத்தைத் தின்பதும், கீரையும் கறியும் தட்டு மாறிப் போவதும் இந்த எண்களுக்குள்தான் இருக்கின்றன. ஆரம்ப சுகாதார நிலையத்து அட்டையில் எடைக்குக் கட்டம் உண்டு, ரத்த அளவுக்குக் கட்டம் உண்டு. என்ன தின்கத் தோன்றுகிறது என்று ஒரு நர்சம்மா தனியாகக் கூப்பிட்டு அதட்டாமல் கேட்டால் ரத்தப் பரிசோதனைக்கு முன்பே பாதி விஷயம் தெரிந்துவிடும். இரும்புச் சத்து ஏற ஆரம்பித்தால் பலருக்கு அந்த ஆசை சில நாளிலேயே விட்டுப்போகிறது, ரத்த அளவு இன்னும் கூடியிருக்காது, அதற்கு முன்னாலேயே. மாத்திரை இலவசம்தான். ஆனால் குமட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது, துரு நாத்தம் அடிக்கிறது என்று சொல்லிப் பாதியைப் புழக்கடையில் வீசிவிடுகிறவர்கள் நிறையப் பேர்.