கொட்டில் நிழலில் வாடும் கன்றுகள்

தோட்டம் செய்து பழகிய கை சும்மா இருக்காது. ஊரை விட்டு வந்து தகரக் கொட்டிலிலோ உறவினர் வீட்டுத் தாழ்வாரத்திலோ இருக்கும் குடும்பங்கள்கூட ஓர் உரப்பையில் நாலு மிளகாய்க் கன்றாவது வைத்திருப்பதை நாம் போகுமிடமெல்லாம் காண்கிறோம். ஆடு கடித்துவிடும், கோழி கிளறிவிடும் என்ற பயத்தில் அநேகர் நாற்றைக் கொட்டிலுக்குள்ளேயே போடுகிறார்கள். முளைத்து ஒரு கிழமைக்குள் அது நூல்போல் நெடுத்து, வெளிறி, சாய்ந்துவிடுகிறது. பசளை போதவில்லை என்று யூரியா போட்டால் இன்னும் மெலிந்து உயரும். காசு கொடுத்து வாங்கிய விதை வீணாகிறது.

கன்றுக்குக் குறைவது பசளை அல்ல, வெளிச்சம். இலை தன் உணவை ஆக்குவது வெளிச்சத்தைக் கொண்டுதான். அது கிடைக்காதபோது கன்று தண்டை நீட்டி வெளிச்சத்தைத் தேடுகிறது. இருக்கிற சத்தெல்லாம் அதிலேயே போய்விடும். இந்த விடயத்தில் எங்கள் கண் எங்களை ஏமாற்றும். படிக்கப் போதிய வெளிச்சம் என்று நாம் நினைக்கும் உள்ளறையில், முற்றத்து நண்பகல் வெயிலின் நூறில் ஒரு பங்குகூட இருப்பதில்லை.

விதை முளைக்கும்வரை கத்தரி, மிளகாய், தக்காளிக்கு வெளிச்சம் தேவையில்லை. ஈரமும் 25 முதல் 30 பாகைச் சூடும் போதும். ஆகவே அதுவரை வைக்கோலால் மூடி உள்ளே வைக்கலாம். முளை தெரிந்த அன்றே வைக்கோலை எடுத்துவிட்டு வெளியே கொண்டுவாருங்கள். நாலு தடி நட்டு இடுப்பளவில் ஒரு பரண் கட்டி, பழைய மீன்வலைத் துண்டால் சுற்றினால் ஆடும் கோழியும் அண்டாது. உள்ளே நெடுத்துப்போன கன்றை ஒரேயடியாக வெயிலில் வைக்கவேண்டாம், கருகிவிடும். முதல்நாள் காலை ஒரு மணித்தியாலம், அடுத்தநாள் இரண்டு என்று ஒரு கிழமையில் பழக்குங்கள்.

காய்க்கும் பயிருக்கு நாளொன்றுக்கு 6 மணித்தியால நேர்வெயில் வேண்டும். வெயில் அவ்வளவு விழாத இடமென்றால் பசளி, வல்லாரை, பொன்னாங்காணி வையுங்கள். மிளகாயோடு மல்லுக்கட்டுவதில் பயனில்லை.

கொட்டிலின் எந்தப் பக்கத்தில் வைப்பது என்பதும் காலத்தோடு மாறும். வடபகுதியில் சித்திரையிலும் ஆவணியிலும் சூரியன் நேர் உச்சியில் நிற்கிறது. இவற்றுக்கு இடைப்பட்ட மாதங்களில் அது வடக்கே சாய்ந்து போகும். அப்போது வடக்குப் புறத்தில் வெயில் விழும். மாரியிலும் தையிலும் தெற்குப் புறந்தான் நல்லது. மாரியில் செழித்த பை வைகாசியில் கூரை நிழலுக்குள் அகப்படுவது இதனால்தான்.

இனிச் சூட்டைப் பார்ப்போம். "பூவெல்லாம் கொட்டுது, என்ன மருந்து அடிக்கிறது?" என்று ஓர் அம்மா எங்களைக் கேட்டார். இலையில் பூச்சியும் இல்லை, சுருளும் இல்லை. பைகள் மேற்குத் தகரச் சுவரோடு ஒட்டி நின்றன. பகல் 32 பாகையைத் தாண்டி, இரவும் குளிராதபோது தக்காளியிலும் மிளகாயிலும் மகரந்தம் வலுவிழந்து பூ பிஞ்சாகாமல் உதிரும். இதற்கு மருந்தில்லை. பையைத் தகரத்திலிருந்து இரண்டு முழம் தள்ளி வைத்து, பின்னேர வெயிலுக்கு மேற்கே ஒரு கிடுகு கட்டிவிடுங்கள். கறுத்த பொலித்தீன் பை வேரைச் சுடும். சுற்றிச் சாக்கைக் கட்டுங்கள். தண்ணீரைக் காலையில் ஊற்றுங்கள். தக்காளி ஐப்பசி கடைசியில் நாற்றுப் போட்டால் குளிர்ந்த தை மாதத்தில் பூக்கும். காற்றுப் படாத மூலையில் நிற்கும் தக்காளியைக் காலையில் பூங்கொத்தோடு மெல்லத் தட்டிவிட்டால் மகரந்தம் சேரும்.

பூச்செடி வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். செவ்வந்திக்கு நீண்ட இருட்டு வேண்டும். இரவு நீளும் காலத்தில்தான் அது மொட்டு வைக்கும். பழைய நீண்டகால நெல்லினங்கள் பலவும் எப்போது விதைத்தாலும் பகல் குறுகும் காலத்தில் கதிர் தள்ளுவது இதே காரணத்தால்தான். எங்கள் நாட்டில் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஒரு மணித்தியாலம் அளவுதான் வித்தியாசம், ஆனால் பயிர் அதை அறிந்துகொள்கிறது. இராமுழுதும் எரியும் மின்குமிழுக்குக் கீழே நிற்கும் செவ்வந்தி பச்சையாக வளர்ந்துகொண்டே இருக்கும், பூக்காது. சாடியை வெளிச்சம் படாத பக்கம் நகர்த்தினால் சில கிழமைகளில் மொட்டுத் தெரியும்.