சூறாவளி வருகிறதா? பாய்மரப் படகை என்ன செய்வது?

காரை அடுக்குமாடிக் கார்ப்பேட்டையில் விட்டுவிடலாம். 12 மீட்டர் நீளப் பாய்மரப் படகை எங்கே கொண்டுபோய் ஒளித்துவைப்பீர்கள்? அதன் மரமே கிட்டத்தட்ட 5 மாடி உயரம்!

நம்ம பக்கம் இந்தக் கவலை குறைவு. பூமத்திய ரேகைக்கு இவ்வளவு அருகில் சூறாவளி உருவாவது அபூர்வம். (2001 டிசம்பரில் ஜொகூரைத் தொட்ட 'வாமெய்' ஒரு விதிவிலக்கு.) ஆனால் கரீபியனில் படகையே வீடாக வைத்து வாழ்பவர்கள் பலர். படகு போனால் வீடும் போச்சு.

அட்லாண்டிக் சூறாவளிப் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. அதற்கு முன்பே தெற்கே போய்விடுவது பலரின் வழக்கம். காப்புறுதி நிறுவனங்கள் பலவும் அதைத்தான் கேட்கின்றன. அப்படி ஒதுங்கும் இடங்களில் ஒன்று கிரெனடா. ஆனால் 2024 ஜூலை 1ஆம் தேதி 'பெரில்' சூறாவளி அதன் கரியாக்கு தீவை மணிக்குச் சுமார் 240 கிலோமீட்டர் வேகத்தில் தாக்கியது. பாதுகாப்பு என்று நம்பி அலையாத்திக் காட்டுக்குள் கட்டிவைத்த படகுகளும் தப்பவில்லை.

காற்றுக்குப் பிடி கொடுக்காதீங்க

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால், அது படகைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். அதனால்தான் கழற்றக்கூடியதை எல்லாம் கழற்றச் சொல்கிறார்கள்: பாய், கூரைத்துணி, சூரியசக்தித் தகடு.

நிறையப் பேர் ஏமாறுவது முன்பாயில். "சுருட்டித்தானே வச்சிருக்கேன், போதாதா?" போதாது. ஓரம் கொஞ்சம் பிரிந்தால் போதும், காற்று மிச்சத்தையும் உருவிவிடும். அது படபடத்து மரத்தையே ஆட்டிச் சாய்த்துவிடலாம்.

முடிந்தால் படகைக் கரையேற்றுங்கள். முட்டுக்கால்களை ஒன்றோடொன்று சங்கிலியால் பிணைத்து, படகைத் தரையிலுள்ள கான்கிரீட் பிடிமானத்தோடு பட்டையால் இழுத்துக் கட்டவேண்டும். மழையில் மண் இளகினால் முட்டு சரியும். பக்கத்துப் படகு சரிந்தாலும் உங்கள் படகுக்கு ஆபத்துதான்.

தண்ணீரில் விட்டால் கதை வேறு. கடல்மட்டம் சில மீட்டர் உயரலாம். இறுக்கமான கயிறு அறும், அல்லது இரும்பைப் பிய்த்துக்கொண்டு வரும். எனவே நீளமான கயிறு, அதுவும் இரட்டையாக. கயிறு உரசும் இடத்தில் பழைய தீயணைப்புக் குழாய்த் துண்டைச் சுற்றுவார்கள். மலிவான வேலை, ஆனால் படகையே காப்பாற்றும்.

நீங்கள் மட்டும் உள்ளே இருக்காதீர்கள். 200 கிலோமீட்டர் வேகக் காற்றில் படகில் இருந்து எதையும் சரிசெய்ய முடியாது.

புயல் போன பிறகு

முதலில் படம் எடுங்கள். காப்புறுதி நிறுவனத்திடம் பேசாமல், படகை மீட்டுத் தருகிறோம் என்று வருபவர் நீட்டும் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

மூழ்கிய இயந்திரத்தை உடனே முடுக்கிப் பார்க்கும் ஆசை வரும். வேண்டாம்! தண்ணீருக்குள் இருந்ததைவிட, மேலே வந்து காற்றுப் பட்டதும்தான் துரு வேகமாகப் பிடிக்கும். அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவி, உப்புநீர் கலந்த எண்ணெயை வடித்து, புது எண்ணெய் ஊற்றவேண்டும். உப்புநீரில் ஊறிய மின்கம்பிகளைப் பெரும்பாலும் மாற்றத்தான் வேண்டும்.

கண்ணாடியிழை உடலில் ஓட்டை விழுந்தால் பார்க்கப் பயமாக இருக்கும். உண்மையில் அது அடைக்கக்கூடியதுதான். சுற்றிலும் சரிவாகத் தேய்ப்பார்கள். 1 சென்டிமீட்டர் தடிமனுக்குச் சுமார் 12 சென்டிமீட்டர் அகலத்துக்குச் சரிவு. பிறகு எப்பாக்சிப் பசை தடவிய இழைத்துணியை அடுக்கடுக்காக ஒட்டுவார்கள்.

பயப்படவேண்டியது வெளியே தெரியாத சேதத்துக்கு. மேல்தளத்தின் நடுவில் பல படகுகளில் பால்சா மரம் இருக்கும். அதில் தண்ணீர் இறங்கினால் உளுத்துப்போகும். சின்னச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள்: நல்ல இடம் 'டிக் டிக்' என்னும், ஊறிய இடம் 'தொப்' என்னும். படகு தரையில் மோதியிருந்தால் அடிக்கட்டை இணையும் இடத்தில் விரிசல் உண்டா, மரத்தைப் பிடிக்கும் கம்பிகளின் முனையில் மயிரிழைக் கீறல் உண்டா என்று தகுதிபெற்ற ஆய்வாளர் பார்க்கட்டும். அவர் சரி என்று சொல்லும்வரை பாயை ஏற்றாதீர்கள்.