சிஸ்டத்தில் இருக்கு, செல்லில் இல்லை

திண்டுக்கல் தோல் ஏற்றுமதி அலுவலகமோ, வேடசந்தூர் நூற்பாலையோ, கணக்குப் பிரிவில் இன்னும் பழைய அவுட்லுக் ஓடுகிறது என்றால் இந்தப் புகார் நிச்சயம் எழும். வெளிநாட்டு ஆர்டர் மெயில் சிஸ்டத்தில் இருக்கும், முதலாளியின் செல்லில் இருக்காது. “சிங்க் ஆகல” என்று சர்வீஸ்காரருக்கு போன் போகும்.

செல்லும் கணினியும் நேரடியாகப் பேசிக்கொள்வதாக நினைப்பதில்தான் குழப்பமே. 1996இல் வந்த பாம் பைலட் கருவியில் அப்படித்தான் நடந்தது. இப்போது இரண்டும் தனித்தனியே சர்வரிடம் போய்வருகின்றன.

கம்பெனி முகவரியைப் பாப் முறையில் அமைத்திருந்தால், அவுட்லுக் மெயிலை இறக்கித் தன் பிஎஸ்டி கோப்பில் வைத்துக்கொள்ளும். அவுட்லுக் 2010 முதல், 14 நாள் கழித்துச் சர்வரிலிருந்து நீக்கும்படி அமைப்பு முன்கூட்டியே போட்டிருக்கும். அதனால்தான் இந்த வார மெயில் செல்லில் தெரிகிறது, போன மாதத்து மெயில் தெரிவதில்லை. கணினியிலிருந்து அனுப்பியவை செல்லுக்கு வரவே வராது. ஐமேப் முறையில் அசல் சர்வரிலேயே இருக்கும். மாறும் முன் பிஎஸ்டி கோப்பைப் பிரதி எடுத்துவிடுங்கள். பழைய மெயில்களை ஐமேப் ஃபோல்டருக்கு இழுத்துப் போட்டால் அவையும் செல்லில் வரும்.

ஆனால் ஐமேப் சுமப்பது மெயிலை மட்டுமே. அவுட்லுக் காலண்டரில் குறித்தது அந்தக் கணினியிலேயே தங்கிவிடும். மெயில், காலண்டர், கான்டாக்ட் மூன்றையும் கொண்டுபோகும் ஆக்டிவ்சிங்க் வழியைக் கூகுள் 2013 ஜனவரியோடு சாதாரணப் பயனர்களின் புதிய இணைப்புகளுக்கு மூடிவிட்டது.

சரி, கான்டாக்ட்டை சிஎஸ்வி கோப்பாக எடுத்து ஏற்றலாமே? தமிழில் சேமித்தவர்களுக்கு இது ஆபத்து. பழைய அவுட்லுக் அந்தக் கோப்பை ஆன்சி குறியீட்டில் எழுதும். விண்டோஸின் ஆன்சியில் தமிழுக்கு இடமே இல்லை. ‘பழநி ரோடு கமிஷன் கடை’ வெறும் கேள்விக்குறிகளாக நிற்கும். ஃபான்ட் மாற்றிப் பயனில்லை, எழுத்தே அழிந்துபோயிருக்கும்.

இன்னொரு தலைவலி, பாஸ்வேர்டு. சரியாகத்தான் அடிப்போம், அவுட்லுக் திரும்பத் திரும்பக் கேட்கும். வெறும் பாஸ்வேர்டில் நுழையும் பழைய மென்பொருள்களைத் தனிநபர் ஜிமெயில் கணக்குகளில் கூகுள் 2022 மே 30 முதல் தடுத்துவிட்டது. இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கி, 16 எழுத்து ‘ஆப் பாஸ்வேர்டு’ எடுத்துக் கொடுத்தால் திறக்கும். மைக்ரோசாஃப்ட்டின் அவுட்லுக்.காம் முகவரி என்றால் 2024 செப்டம்பர் 16க்குப் பிறகு அதுவும் பலிக்காது. பழைய மென்பொருளைத்தான் மாற்ற வேண்டும்.